நைஸ்ஸார்: பெண்கள் தீவு என்ற பெயர் வந்த வழி

எஸ்டோனியாவின் தலைநகர் தாலினில் கடற்கரையோரம் நின்று வடமேற்கே பார்த்தால் நீருக்கு மேலே கருங்கோடாக ஒரு காடு தெரியும். அதுதான் நைஸ்ஸார். கரையிலிருந்து சுமார் எட்டரை கிலோமீட்டர், பரப்பு 18.6 சதுர கிலோமீட்டர். தீவின் மிக உயர்ந்த மேடே 27 மீட்டர்தான் என்பதால், கப்பலில் வருபவர் கண்ணுக்கு முதலில் எட்டுவது பைன் மரங்களின் தலைகள்.

எஸ்டோனிய மொழியில் ‘நைனே’ என்றால் பெண். தொகைச்சொல்லில் அது ‘நைஸ்’ என்று நிற்கும். ‘ஸார்’ என்றால் தீவு. ஆக, பெண்கள் தீவு. ஆனால் ‘ஸார்’ என்பதற்கு ஆஷ் மரம் என்ற பொருளும் உண்டு. காடு நிறைந்த தீவு அல்லவா, மரத்தின் பெயர்தான் ஒட்டிக்கொண்டதோ என்று ஐயம் எழலாம். உறவுமொழியான பின்னிஷ் இதைத் தீர்த்துவைக்கிறது. அங்கே தீவு ‘ஸாரி’, மரம் ‘ஸார்னி’. எஸ்டோனியத்தில் சொல்லின் கடைசி ஒலிகள் தேய்ந்துபோய் இரண்டும் ஒரே வடிவத்துக்கு வந்துவிட்டன. தாலின் விரிகுடாப் பக்கம் ‘பால்யஸ்ஸார்’ என்று இன்னொரு பெயர் இருக்கிறது. மொட்டைத் தீவு என்று பொருள். அது இப்போது கரையோடு சேர்ந்துவிட்டது, பெயரில் மட்டும் தீவு. எனவே பிற்பாதியில் சிக்கல் இல்லை. முற்பாதிதான் வம்பு.

வம்பைத் தொடங்கி வைத்தவர் என்று பலரும் கைகாட்டுவது பிரெமன் நகரத்து ஆதாமை. 1075 வாக்கில் ஹாம்பர்க் பேராயர்களின் வரலாற்றை லத்தீனில் எழுதிய பாதிரியார் இவர். பால்டிக் கரையில் ‘பெண்களின் நாடு’ ஒன்று இருப்பதாக எழுதுகிறார். அங்குள்ள பெண்கள் தண்ணீரைப் பருகியே கருத்தரிப்பார்களாம். பிறக்கும் ஆண்கள் நாய்த்தலையர்களாம், பெண்கள் பேரழகிகளாம். படையெடுத்துப் போன சுவீடன் இளவரசன் ஒருவனை, ஊற்றுநீரில் நஞ்சு கலந்து அவர்கள் கொன்றார்கள் என்றும் ஒரு கதை. எஸ்ட்லாந்து என்ற இடம் இந்த நாட்டுக்கு அருகில் இருப்பதாகவும் சொல்கிறார். போதாதா? எஸ்டோனியாவுக்கு அருகே பெண்கள் நாடு. எஸ்டோனியாவுக்கு எதிரே பெண்கள் தீவு. இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள்.

முடிச்சு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆதாம் இந்தத் தீவின் பெயரை எங்கும் சொல்லவில்லை. வடபுலச் செய்திகளில் பெரும்பகுதியை டென்மார்க் மன்னர் ஸ்வைன் போன்றவர்களிடம் கேட்டுத்தான் எழுதினார். பால்டிக்கின் வடகோடியில், போத்னியா வளைகுடாவை ஒட்டி, ‘குவென்’ என்றொரு மக்கள் வாழ்ந்தார்கள். அவர்கள் நாடு குவென்லாந்து. பழைய ஸ்காண்டிநேவிய மொழியில் பெண்ணைக் குறிக்கும் சொல்லின் வடிவங்களும் இதே ஒலியில்தான் இருந்தன. ‘குவென்களின் நாடு’ அயலார் காதில் ‘பெண்களின் நாடு’ ஆகி, லத்தீன் படித்தவர் கையில் அமேசான் என்ற போர்ப்பெண்களின் பழங்கதையோடு கலந்திருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர்கள் பலரின் விளக்கம். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. அப்படியானால் ஆதாமின் கதை பிறந்த இடம் நைஸ்ஸாருக்கு வெகு வடக்கே.

சரி, தீவு ஏட்டில் எப்போது வருகிறது? 13-ஆம் நூற்றாண்டு டேனிய ஆவணம் ஒன்றில். சுவீடனின் தென்கரையிலிருந்து பின்லாந்துக் கரையோரமாகத் தாலின் வரை செல்லும் கடல்வழிக் குறிப்பு அது. அதில் இத்தீவின் பெயர் ‘நாரிகெத்’. பெண்வாடையே இல்லாத பெயர்! இந்த வழியில்தான் சுவீடிய ‘நார்கோ’வும் ஜெர்மானிய ‘நார்கென்’னும் நிற்கின்றன. நார்கோவின் இறுதி ஓகாரம் சுவீடிய மொழியில் தீவைக் குறிப்பது.

இரண்டு மொழிகள் ஒரே மண்ணுக்கு எப்படிப் பெயர் வைக்கும் என்பதைத் தீவின் ஊர்களிலேயே பார்க்கலாம். இரண்டாம் உலகப் போர் வரை இங்கே வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் சுவீடிய மொழி பேசியவர்கள். அவர்களுக்கு ‘பாக்பின்’, எஸ்டோனியருக்கு ‘டகாகுலா’: இரண்டுமே பின்புறத்து ஊர். ஒன்று மற்றதன் பெயர்ப்பு என்று பார்த்தவுடன் தெரிகிறது. ஆனால் சுவீடியரின் ‘ஸ்டோர்பின்’ பெரிய ஊர். எஸ்டோனியர் அதையே ‘லோனகுலா’, தெற்கூர், என்றார்கள். ஒருவர் அளவைப் பார்த்தார், மற்றவர் திசையைப் பார்த்தார். ஆக, நார்கோவும் நைஸ்ஸாரும் ஒன்றையொன்று மொழிபெயர்த்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பெயருக்கு நேர்மாறாக, இருபதாம் நூற்றாண்டில் இது பெரும்பாலும் ஆண்களின் தீவாகவே இருந்தது. ஜார் காலத்தில் கடற்கோட்டை. 1917 டிசம்பரில் மாலுமிகள் அறிவித்த குறுகியகாலச் சோவியத் குடியரசு. பிறகு சோவியத் கடற்படையின் கண்ணிவெடித் தொழிற்சாலை. 1944-இல் தீவின் சுவீடியர்கள் கடல் கடந்தார்கள். அதன்பின் ராணுவம் வெளியேறும் வரை பொதுமக்களுக்கு அனுமதி கிடையாது. மனிதர் குறைந்த இடத்தில் காடு தழைத்தது. 1995 முதல் தீவு இயற்கைப் பூங்கா. வெடிமருந்தை எரித்து அகற்றியபின் ராணுவம் விட்டுச்சென்ற கண்ணிவெடிக் கூடுகள், துருவேறிய இரும்பு உருண்டைகளாக, இன்றும் அங்கே கிடக்கின்றன.

‘பெண்கள் தீவு’ என்பது எஸ்டோனியப் பெயரின் பொருள், அதில் ஐயமில்லை. அந்தப் பொருளை வைத்துக்கொண்டு ஆதாம் சொன்ன நாடு இதுதான் என்று வாதிட்டால், அந்த வழக்கு நிற்காது.