பேச்சு வைத்தியம்

தொண்டையில் காயம் இல்லை. நாக்கு நன்றாக இருக்கிறது. குரல்வளையைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள், ஒரு பழுதும் இல்லை. ஆனால் ஆசாமிக்குப் பேச்சு வரவில்லை. ஒன்றிரண்டு நாள் அல்ல, ஒன்பது மாதங்கள்.

முதல் உலகப்போர் காலம். பிரிட்டிஷ் ராணுவத்தின் சாதாரணச் சிப்பாய் அவன். வயது 24. மான்ஸ், மார்ன் என்று அந்தப் போரின் பேர்போன நரகங்கள் பலவற்றைப் பார்த்துவிட்டு வந்தவன். லண்டன் குயின் ஸ்கொயர் மருத்துவமனையில் லூயிஸ் யெல்லண்ட் என்கிற டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் கதவைப் பூட்டினார். விளக்குகளை அணைத்தார். பேசாமல் இந்த அறையை விட்டுப் போக முடியாது என்று சொல்லிவிட்டு, அவன் தொண்டையில் மின்சாரத்தைப் பாய்ச்ச ஆரம்பித்தார்.

நான்கு மணி நேரம். பையன் பேசிவிட்டான். டாக்டருக்கு நன்றிகூடச் சொன்னான். யெல்லண்ட் இதையெல்லாம் தானே 1918-ல் ஒரு புத்தகமாகப் பெருமையுடன் எழுதினார்.

அவரைக் கொடுங்கோலன் என்று திட்டுவதற்கு முன் ஒரு விஷயம். அன்றைக்கு அந்தச் சிப்பாய்க்குக் கிடைத்திருக்கக்கூடிய இன்னொரு வைத்தியம், துப்பாக்கிக் குண்டு.

நிஜமாகத்தான் சொல்கிறேன். கை நடுங்குகிறது, கால் வரவில்லை, முன்னால் போக முடியவில்லை என்றால் ராணுவ நீதிமன்றத்தில் அதற்குப் பெயர் கோழைத்தனம். ஹாரி ஃபார் என்கிற சிப்பாய் 1915-ல் இதே கோளாறுக்காக ஐந்து மாதங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கை நடுக்கத்தில் பேனா பிடிக்க முடியாமல், மனைவிக்கு அவர் கடிதங்களை நர்ஸ்தான் எழுத வேண்டியிருந்தது. பிறகு மறுபடி போர்முனை. 1916 செப்டம்பரில் ஒருநாள், இனி முடியாது என்று நின்றுவிட்டார். அக்டோபர் 18-ம் தேதி அவருடைய ராணுவமே அவரைச் சுட்டுக்கொன்றது. வயது 25. மனைவிக்குப் பென்ஷனும் இல்லை.

இந்த வியாதிக்கு டாக்டர்கள் வைத்த பெயர், ஷெல் ஷாக். 1915-ல் சார்லஸ் மையர்ஸ் என்பவர் மருத்துவ இதழில் எழுதி இந்தப் பெயரைப் பிரபலமாக்கினார். பக்கத்தில் குண்டு வெடிக்கிறது, அதிர்ச்சியில் மூளையோ நரம்போ பாதிக்கப்படுகிறது என்று முதலில் நினைத்தார்கள். ஆனால் குண்டு வெடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே போகாதவர்களுக்கும் கை கால் விளங்காமல் போனபோது, அந்தக் கணக்கு இடித்தது. போர் முடிவதற்குள் பிரிட்டிஷ் ராணுவத்தில் மட்டும் சுமார் 80 ஆயிரம் பேர். இத்தனை பேரும் நடிக்கிறார்களா என்ன?

இந்தக் கேள்வியோடு உள்ளே வருகிறார் நம்ம ஊரை நன்றாகத் தெரிந்த ஒருவர்.

நம்ம ஊர் என்றால் ஊட்டி. பெயர், வில்லியம் ரிவர்ஸ். கேம்பிரிட்ஜ்காரர். 1901-ல் நீலகிரிக்கு வந்து, தோடர்களின் மந்து மந்தாகப் போய் உட்கார்ந்து, உன் அப்பா யார், தாத்தா யார், அத்தையைக் கட்டியவர் யார் என்று மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்த மனிதர். 1906-ல் அவர் தோடர்களைப் பற்றி வெளியிட்ட தடிமனான புத்தகம், மானுடவியல் படிக்கிறவர்களுக்கு இன்றைக்கும் முக்கியமான ஒன்று. குறுக்கே பேசாமல் அடுத்தவர் சொல்வதைக் கேட்பது என்கிற வித்தை அவருக்கு முன்பே பழக்கம். இன்னொன்று, அவருக்கே பேச்சு திக்கும். அவருடைய அப்பாவும் தாய்மாமாவும் திக்குவாய் வைத்தியர்கள், அப்படியும்.

1915-ல் லிவர்பூல் பக்கம் மகல் ராணுவ மருத்துவமனையில் சாதாரணச் சிப்பாய்களைப் பார்த்தார் ரிவர்ஸ். 1916-ல் எடின்பரோவின் கிரெய்க்லாக்கர்ட். அங்கே அதிகாரிகள் மட்டும். இரண்டையும் பார்த்தவருக்கு ஒரு விசித்திரம் தட்டுப்பட்டது. சிப்பாய்களுக்குப் பேச்சு நின்றுபோகிறது, கை கால் விழுந்துவிடுகிறது. அதிகாரிகளுக்கு அப்படியில்லை. அவர்களுக்குத் தூக்கம் போகிறது, கெட்ட கனவு வருகிறது, சதா பதற்றம்.

ஏன்? மேலதிகாரி முன்னால் வாயைத் திறக்க முடியாத சிப்பாய்க்கு வாய் அடைத்துப்போகிறது. தன் ஆட்கள் முன்னால் பயத்தைக் காட்டக்கூடாத அதிகாரிக்கு, பகலில் அடக்கிய பயம் ராத்திரியில் வருகிறது. இதுதான் ரிவர்ஸ் கண்டுபிடித்தது.

அவரிடம் வந்தவர்களுக்கு அதுவரை எல்லோரும் சொல்லியிருந்த அறிவுரை ஒன்றே ஒன்றுதான். மறந்துவிடு. போரைப் பற்றி நினைக்காதே. அழகான இயற்கைக் காட்சிகளை நினைத்துக்கொள். டாக்டர்களும் சொன்னார்கள், வீட்டிலும் சொன்னார்கள். மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்றால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். இங்கே குரங்கு, ராத்திரி கனவில் பிணமாக வந்தது.

ரிவர்ஸ் உல்டாவாகச் சொன்னார். நினைத்துப் பாருங்கள். என்னிடம் சொல்லுங்கள். சதா அதையே அசைபோடவும் வேண்டாம், ஓடி ஒளியவும் வேண்டாம்.

1917 டிசம்பரில் மருத்துவர்கள் சபையில் அவர் பேசிய பேச்சு, மறு வருடம் லான்செட் இதழில் வந்தது. அதில் ஓர் இளம் அதிகாரியின் கதை. தன் நெருங்கிய நண்பனைத் தேடிப் போனவர், குண்டு பட்டுச் சிதறிய உடலைத்தான் பார்த்தார். அன்றிலிருந்து தூங்க முடியவில்லை. கனவில் அந்தச் சிதைந்த உருவம் வருகிறது. சமயத்தில் இன்னும் கோரமாக.

ரிவர்ஸ் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒன்றைச் சுட்டிக்காட்டினார். உடல் அந்த அளவுக்குச் சிதைந்திருக்கிறது என்றால், உங்கள் நண்பர் அந்த வினாடியே இறந்திருக்கிறார். நாள்கணக்கில் வலியில் துடிக்கவில்லை.

அதிகாரியின் முகம் தெளிந்தது. சில நாள் கனவே வரவில்லை. பிறகு ஒரு ராத்திரி வந்தது. அதே போர்க்களம், அதே உடல். ஆனால் திகில் இல்லை. பக்கத்தில் மண்டியிட்டு, நண்பனின் வீட்டாருக்குக் கொடுப்பதற்காக அவனுடைய பொருள்களை எடுத்துக்கொண்டிருந்தார். எழுந்தபோது துக்கம் இருந்தது, பயம் இல்லை.

நடந்ததை யாரும் மாற்றவில்லை, கவனியுங்கள். அதற்கான அர்த்தம் மட்டும் மாறியது. 1960-களில் அமெரிக்காவில் ஆரன் பெக் வேறொரு வழியாக வந்து இதைப் போன்ற இடத்தைத்தான் தொட்டார். மன உளைச்சல் தொடங்கி நாள்பட்ட வலி, தூக்கமின்மை வரை இன்றைக்குப் பயன்படுகிற அறிவாற்றல் சிகிச்சையின் அடிப்படையும் இதுதான்.

எல்லோருக்கும் பலித்ததா? ம்ஹூம். குண்டு தூக்கியெறிந்து, பல நாள் அழுகிய பிணத்தின் வயிற்றில் முகம் புதைய விழுந்தவர் ஒருவர் வந்தார். அவர் நினைவில் ஆறுதலாகப் பிடித்துக்கொள்ள ரிவர்ஸுக்கு ஒரு துரும்புகூடக் கிடைக்கவில்லை. ராணுவத்தை விட்டுக் கிராமப்புறத்துக்குப் போய் வாழுங்கள் என்று அனுப்பிவிட்டார். அந்தத் தோல்வியையும் ஒளிக்காமல் அதே பேச்சில் சொன்னார்.

இன்னொரு சிக்கல் இருந்தது. அது வைத்தியத்தில் இல்லை, வைத்தியம் எதற்கு என்பதில்.

1917 ஜூலையில் சீக்ஃப்ரீட் சஸூன் கிரெய்க்லாக்கர்ட் வந்து சேர்ந்தார். கவிஞர், வீரப் பதக்கம் வாங்கிய அதிகாரி. இந்தப் போர் அநியாயமாக இழுத்தடிக்கப்படுகிறது, இனி போகமாட்டேன் என்று பகிரங்கமாக அறிக்கை விட்டவர். நாடாளுமன்றத்தில்கூட அது வாசிக்கப்பட்டது. ராணுவ விசாரணை வைத்தால் விவகாரம் பெரிதாகும். நண்பர் ராபர்ட் கிரேவ்ஸ் முயற்சியில், மனநிலை சரியில்லை என்று சொல்லி இங்கே அனுப்பிவிட்டார்கள்.

ரிவர்ஸ் பேசிப் பார்த்தார். இவருக்கு ஒரு வியாதியும் இல்லை. ஆனால் ராணுவ டாக்டரின் வேலை, ஆளைத் தேற்றி மறுபடி போருக்கு அனுப்புவது. அதாவது, குணமாக்கிச் சாகக் கொடுப்பது. வாரத்துக்கு மூன்று முறை சஸூனிடம் பேசிய ரிவர்ஸ், கடைசியில் தன் எண்ணங்களே ஆட்டம் காண்பதை உணர்ந்தார். சஸூன், தன் ஆட்கள் அங்கே செத்துக்கொண்டிருக்க நான் இங்கே கால்ஃப் ஆடுவதா என்ற குற்ற உணர்ச்சியில் தானாகவே திரும்பிப் போனார். 1918-ல் தலையில் குண்டடி பட்டுப் பிழைத்தார். அதே மருத்துவமனையில் அவருக்குப் பழக்கமான இன்னொரு கவிஞர் வில்ஃப்ரட் ஓவன், போர் முடிய ஒரு வாரம் இருக்கும்போது செத்துப்போனார்.

ரிவர்ஸ் 1922-ல், 58 வயதில் குடலிறக்கத்தால் இறந்தார். பின்னாளில் தன் கதையை நாவலாக எழுதிய சஸூன், பாத்திரங்களுக்கெல்லாம் பெயரை மாற்றினார். ரிவர்ஸ் பெயரை மட்டும் மாற்றவில்லை.

உலகம் இதைப் புரிந்துகொள்ள அவசரப்படவில்லை. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் என்று அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் அதிகாரபூர்வப் பட்டியலில் சேர்த்ததே 1980-ல்தான். வியட்நாமிலிருந்து வந்தவர்கள் கத்திக் கத்திக் கேட்ட பிறகு. பயிற்சி பெற்ற ஒருவர் துணையோடு அந்த நினைவை நேருக்கு நேர் பார்க்கச் செய்வது, இன்றைக்கு இதற்குப் பரிந்துரைக்கப்படும் முதன்மைச் சிகிச்சைகளில் ஒன்று.

அப்புறம், ஹாரி ஃபார். அவரையும் அவரைப் போலக் கோழை, ஓடுகாலி என்று சுடப்பட்டவர்களையும் சேர்த்து, 306 பேரை பிரிட்டன் மன்னித்தது. வருடம் 2006. ஃபாருடைய மகளுக்கு அப்போது வயது 93.