சீமை பர்னர், உள்ளூர்க் கிண்ணம்

எங்க ஊர்ல கிருஷ்ணாயில்னு சொல்றது கெரோசின் ஆயிலைத்தான். 1853-ல் லிவிவ் நகரத்தில் லூகாசெவிச் என்ற மருந்தாளுநர் அதுக்கான விளக்கைச் செய்தார். பிறகு எண்ணெய் 4 காலன் டின்களில் கப்பலேறி நம்ம பக்கம் வந்தது.

திரியை ஏத்தி இறக்குற பல்சக்கரம், சூடு தாங்குற சிமினி எல்லாம் சீமைச் சரக்கு. எண்ணெய் ஊத்துற கிண்ணத்தைக் கன்னார் பித்தளையில் அடிச்சுக் கொடுத்தார். அதுக்கும் வசதியில்லாதவங்களுக்குத் தகரவேலைக்காரர் காலி டின்னை வெட்டி, ஈயம் பத்தவச்சு விளக்காக்கினார். 1914-ல் போர் வந்ததும் ஜெர்மன் சரக்கு நின்னுபோச்சு.

எங்க வீட்டு விளக்கில் பர்னர் ஜெர்மனி, கிண்ணம் உள்ளூர். பழைய சாமான் வியாபாரி பர்னருக்கு மட்டும் நல்ல விலை சொன்னார், கிண்ணம் எடைக்காம். நான் கொடுக்கலைங்க. பிரிச்சுட்டா கன்னார் கைவேலைக்குச் சாட்சி ஏது?