தாய்ச் செயல்முறை மடிந்தபின்: ‘பிடெத்சிக்’ விதியின் மறுவாசிப்பு

ஒரு நிரல் எதிர்பாராமல் முறிந்தால், அது தொடங்கிவைத்த சேய்ச் செயல்முறைகளை அகற்ற லினக்ஸ் கர்னலின் ‘பிடெத்சிக்’ ஏற்பாடு போதும் என்ற கருத்து இத்துறை எழுத்துகளில் வேரூன்றிவிட்டது. தாய் முடிந்தால் சேய்க்குச் சிக்னல் போகும் என்று வாசித்து அங்கேயே நின்றுவிடுகிறார்கள். இவ்வாசிப்பு ஏற்கத்தக்கதாக எனக்குத் தோன்றவில்லை.

கர்னல் கவனிப்பது நிரலின் முடிவை அன்று; சேயை உருவாக்கிய இழையின் முடிவை. கையேடு இதை வெளிப்படையாகவே சொல்கிறது. ஆனால் எச்சரிக்கைக் குறிப்பாக வருவதால் ஆய்வாளர் பலர் அதைக் கடந்துபோகிறார்கள். விளைவு சிறியதன்று.

ஜவ்வாது மலையின் காவலூரில், 1986 முதல் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இயங்கிவரும் ஆய்வகத்தைப் போன்ற ஓரிடத்தை எண்ணிப் பார்ப்போம். மங்கலான விண்பொருளின் நிறமாலையைப் பெற ஒளியுணரி நெடுநேரம் ஒளியைச் சேர்க்க வேண்டும். கட்டுப்பாட்டு நிரலின் பணியிழை ஒன்று கேமரா செயல்முறையைத் தொடங்கிவைக்கிறது; பிறகு வேலையின்றி இருப்பதால் அந்த இழை கலைக்கப்படுகிறது என்று கொள்வோம். நிரல் நலமாக இருக்கிறது. சேயிடம் கேட்டால் தாயின் எண்ணும் மாறவில்லை. ஆயினும் சிக்னல் வந்து, பதிவு பாதியில் அழிகிறது. தாய் உயிரோடிருக்கையிலேயே வரும் சிக்னலைத் தாயின் மரண அறிவிப்பாக எப்படி வாசிப்பது? நிரல் முழுதாக முறியும்போது எல்லா இழைகளும் சேர்ந்தே முடிவதால் சிக்னல் சரியாக வந்துசேர்கிறது. பிழையான வாசிப்பு இத்தனை காலம் பிழைத்ததற்கு இந்தத் தற்செயலே காரணம் என்பேன்.

பேரப்பிள்ளைச் செயல்முறைகளின் நிலை இன்னும் மோசம். ‘ஃபோர்க்’ மூலம் பிறக்கும் புதிய செயல்முறையில் இந்த அமைப்பு அழிந்துவிடுகிறது. எனவே கேமரா செயல்முறை உருவாக்கிய தரவிறக்கச் செயல்முறைக்கு எந்தச் சிக்னலும் வராது. கருவியைப் பிடித்தபடியே அது நீடிக்கலாம். சேய் சிக்னலைக் கோருமுன்பே தாய் முடிந்துவிடும் இடைவெளியும் உண்டு. தாயின் எண் 1 ஆகிவிட்டதா என்று பார்த்தால் போதும் என்ற பழைய அறிவுரை இனி உதவாது. கர்னலின் 3.4 பதிப்பு முதல் அநாதைச் சேய்களை வேறொரு செயல்முறையும் தத்தெடுக்கலாம். பிரியுமுன் குறித்துவைத்த தாயின் எண்ணோடு ஒப்பிடுவதே சரி.

ஆகவே அகற்றும் பொறுப்பு உறவைச் சாராமல், குழுவைச் சார்ந்து அமைய வேண்டும். விண்டோஸின் ‘ஜாப்’ ஏற்பாடு அவ்வாறே அமைந்தது. லினக்ஸில் ‘சிகுரூப்’ அதற்கு ஈடானது, 5.14 பதிப்பு முதல் ஒரு குழுவையும் அதன் உட்குழுக்களையும் ஒரே கட்டளையில் முடிக்கலாம். குறுகிய ஆயுளுள்ள இழைகள் அரிது என்பார்கள். இழைத் தொகுப்பைப் பயன்படுத்தும் எந்த நிரலும் அதற்கு மறுப்பு. குழுவை முடிக்க வேண்டிய மேற்பார்வையாளரே மடிந்தால் என்ற வினாவும் நெடுநேரம் நிற்காது: அப்பொறுப்பை முதல் செயல்முறையிடம் விட்டால், அது முடியும்போது கர்னலே நின்றுவிடும்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். குழுவைச் சட்டென்று கொன்றால் கேமராவின் மூடியை மூட யாரும் இருக்கமாட்டார்கள். அதனால் தாய் எழுதுமுனையை வைத்திருக்கும் குழாய் ஒன்றைச் சேய் வாசித்துக்கொண்டிருக்க வேண்டும். தாய் முடிந்ததும் வாசிப்பு முடிவுக்கு வரும், சேய் மூடியை மூடிவிட்டு விலகும், குழுக் கட்டளை அதன்பின் வரலாம். எழுதுமுனையின் நகல் வேறெந்தச் செயல்முறையிடமும் தங்கிவிடக் கூடாது. தங்கினால் அந்த முடிவு சேய்க்கு எட்டவே எட்டாது.