கொழும்பு எவ்வளவு தூரம்?

வரைபடத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் பாருங்கள். கோவில்பட்டியை அடுத்த இடைசெவலிலிருந்து சென்னை நேர்கோட்டில் சுமார் 510 கி.மீ.; கொழும்போ சுமார் 330 கி.மீ. தான்! ஆயினும் பயண நேரத்தைத் தீர்மானிப்பது தொலைவு மட்டுமன்று, பாதையும்தான்.

1876-இல் மதுரை–தூத்துக்குடி ரயில் பாதை கோவில்பட்டி வழியாகத் திறக்கப்பட்டது. கரிசல் மக்கள் தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்பு சென்றனர். 1906-இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியும் இதே தடத்தில்தான் கப்பல் விட்டது. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும், தனுஷ்கோடி வரை ரயில், தலைமன்னாருக்குக் கப்பல், மீண்டும் ரயில் எனப் புதுவழி பிறந்தது. ஆனால் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்கள் மண்டபம் முகாமில் மருத்துவச் சோதனைக்காகப் பல நாள் காத்துக் கிடந்தனர். தொலைவு ஒன்றே, நேரம் ஆளுக்கொன்று!

1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடிப் பாதையை அழித்தது. இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1984-இல் நின்றது.

2012-இல் மதுரை–கொழும்பு விமானம் வந்தது. நேர்த்தொலைவு சுமார் 350 கி.மீ. மணிக்கு 700 கி.மீ. வேகமெனில் அரை மணி போதும். கால அட்டவணையோ ஏறத்தாழ ஒரு மணி என்கிறது. ஏன்? ஓடுபாதைக்கு ஊர்வது, மேலேறுவது, இறங்குவது ஆகிய மூன்றிலும் வேகம் குறைவு. குறுகிய பயணத்தில் இவையே பெரும்பங்கு.

தென்கிழக்கேயுள்ள கொழும்புக்கு இடைசெவல்காரர் முதலில் வடக்கே மதுரைக்குப் போகவேண்டும். வீட்டை விட்டுக் கிளம்பிய நேரத்திலிருந்து கணக்கிட்டுப் பாருங்கள். சராசரி வேகம் என்னவென்று விளங்கும்.