கொட்டகையும் கூடமும்

திரைப்படத்தைக் கொட்டகைக்குச் சென்று காண்பதினும் இல்லத்திலிருந்து காண்பதையே மக்கள் பெரிதும் விரும்புதற்குச் சோம்பலே காரணம் என்பார் உளர். அக்கூற்று வரலாற்றொடு பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வாம்.

தமிழகத்தில் படக்காட்சி தொடக்கத்தில் மக்களைத் தேடிச் சென்ற கலையாகும். 1905இல் சாமிக்கண்ணு வின்சென்ட் படக்கருவியொடு ஊர் ஊராகச் சென்று கூடாரமடித்துக் காட்சி நடத்தலானார். 1914இல் அவரே கோவையில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கை எழுப்பினார். இத்தகைய அரங்குகள் பெருகவே, மக்கள் காட்சியைத் தேடிச் செல்லும் வழக்கம் வேரூன்றிற்று.

காட்சி மீண்டும் இல்லம் நோக்கித் திரும்பியது படிப்படியாக நிகழ்ந்ததாகும். 1975இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தோன்றியது. அது ஒளிபரப்பிய படங்களைக் காண அண்டை வீட்டாரெல்லாம் ஒரு கூடத்தில் திரண்டனர். 1980களில் வீடியோ நாடாவும், 1990களில் கேபிள் இணைப்பும் பரவின. 2006இல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் ஏழையர் குடிலுக்கும் திரையைக் கொணர்ந்தது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் அரங்குகள் மூடப்பட்டன. மே மாதத்தில் 'பொன்மகள் வந்தாள்' அரங்கு காணாமலே இணையவழி வெளிவந்தது. 2021 சனவரியில் அரங்கேறிய 'மாஸ்டர்' அம்மாதத்திலேயே இணையத்தையும் அடைந்தது. பொறுத்திருப்பார்க்குப் படம் விரைவில் இல்லம் வந்து சேரும் என்பது இதனால் உறுதியாயிற்று.

கொட்டகையில் தலைக்கொரு சீட்டு வேண்டும். இல்லத்தில் ஒரு கட்டணமே குடும்பத்திற்குப் போதும். கைக்குழந்தையுடைய தாயும், நெடுநேரம் அமர இயலாத முதியோரும் வேண்டுமிடத்து நிறுத்திக் காணலாம். எனவே இவ்விருப்பம் சோம்பலன்று. செலவும் காலமும் கருதிய கணக்கே என்க.

ஆயினும் இழப்பு இல்லாமலில்லை. தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதல் கலையரங்கு திரைக்கொட்டகையே என்றும், ஆண்டு இருக்கையை வகுத்தது பிறப்பன்று, பணமே என்றும் கார்த்திகேசு சிவத்தம்பி நிறுவியுள்ளார். தரைக்கும் நாற்காலிக்கும் வேறுபாடு இருந்தமை உண்மையே. எனினும் முன்பின் அறியாதாரும் உடனிருந்து நகைத்தனர், அழுதனர். இல்லம் அவ்வறியாதாரை உள்ளே அழைப்பதில்லை.

இன்னும் நுணுகி நோக்கின், பெருமாற்றம் கொட்டகையிலிருந்து கூடத்திற்கு வந்தமையன்று. கூடத்திலிருந்து ஒருவர் கைப்பேசிக்குச் சுருங்கியமையே ஆகும். 1975இன் கூடமும் ஓர் அவையே. நூல்கள் அவையில் அரங்கேறிய நிலை மாறித் தனித்துப் படிக்கும் வழக்கம் வந்தபோதும் இதனையொத்த மாற்றமே நிகழ்ந்தது. அன்று இலக்கியம் அழியவில்லை. ஆனால் கேட்டார் பலரும் கூடி மதிப்பிடும் நிலை அருகிற்று. திரைப்படத்திற்கும் அந்நிலை நேர்கின்றதா என்பதே நாம் இனி ஆராயத்தக்கது.