பள்ளிக் கதவும் சமயக் குழுக்களும்

பொதுமக்களின் வரிப்பணத்தால் எழுந்த பள்ளிக் கட்டடத்தில், பாடவேளை முடிந்த பின்னர்ச் சமயக் குழு ஒன்று கூடலாமா? எளிதாகத் தோன்றும் இவ்வினா, அமெரிக்க ஐக்கிய நாட்டின் உச்ச நீதிமன்றத்தைப் பன்முறை சிந்திக்க வைத்ததாகும்.

அந்நாட்டு அரசியலமைப்பின் முதல் திருத்தம் 1791-ஆம் ஆண்டில் நிறைவேறியது. அரசு ஒரு சமயத்தை நிறுவலாகாது என்பது அதன் ஒரு கூறு. வழிபாட்டையும் பேச்சையும் தடுக்கலாகாது என்பது மற்றொரு கூறு. இவ்விரண்டும் பள்ளி வாயிலில் எதிரெதிராக நின்றன.

இல்லினாய் மாநிலத்துச் சாம்பெய்ன் நகரில், 1940 முதல் பள்ளி நேரத்திலேயே, பள்ளி அறைகளிலேயே சமய வகுப்புகள் நடைபெற்றன. பெற்றோர் இசைந்த பிள்ளைகள் அவற்றிற்குச் சென்றனர். ஏனையோர் வேறிடத்தில் தம் பாடத்தைப் படித்தனர். வாஷ்டி மெக்கலம் என்னும் தாய் வழக்குத் தொடுத்தார். கட்டாயக் கல்விச் சட்டத்தால் வரும் பிள்ளைகளைச் சமயக் குழுக்களுக்குத் திரட்டித் தரலாகாது என 1948-இல் தீர்ப்பாயிற்று. ஆயினும், பள்ளிக்கு வெளியே சமயப் பாடம் கேட்கச் செல்ல மாணவரை விடுவிக்கலாம் என்று 1952-இல் அதே நீதிமன்றம் கூறியது.

பள்ளி முடிந்த பின்னர் என்றால்? நியூயார்க் மாநிலத்து மில்போர்டு பள்ளி, மாலை வேளையில் ஊர்ச் சங்கங்களுக்கு இடமளித்து வந்தது. 6 முதல் 12 வயது வரையுள்ள சிறாருக்கான கிறித்தவச் சங்கமொன்று கேட்டபோது மறுத்தது. ஒழுக்கம் போதிக்கப் பிறர்க்கு இடமுண்டெனில், சமய நோக்கில் போதிப்போரை மட்டும் விலக்கலாகாது என 2001-இல் 6 நீதிபதிகள் தீர்ப்பளித்தனர், மூவர் மாறுபட்டனர். பள்ளி எது, சங்கம் எது எனப் பகுத்தறிய இளம் பிள்ளைகளால் இயலுமா என்னும் ஐயம் மாறுபட்ட தரப்பில் எழுந்தது. பெற்றோரின் இசைவின்றி எவரும் அச்சங்கத்தில் சேர இயலாது என்பது பெரும்பான்மையோரின் விடை.

அக்கதவின் வழியே பின்னர் எவர் வந்தனர், தெரியுமா? சாத்தானின் பெயர் தாங்கிய மாலைச் சங்கம்! பென்சில்வேனியாவில் அதற்கு இடம் மறுத்த பள்ளி நிர்வாகத்தை, இடமளிக்குமாறு 2023-இல் கூட்டரசு நீதிபதி பணித்தார்.

வெளியார் அனைவருக்கும் கதவை அடைத்துவிடப் பள்ளிக்கு உரிமையுண்டு. திறந்தபின் வருவோரின் கருத்தைப் பார்த்துத் தெரிந்தெடுக்க உரிமையில்லை. ஆகவே, நமக்கெனக் கதவைத் தட்டுமுன், நமக்கு உவப்பில்லாதாரும் அதன்வழி நுழைவதைப் பொறுப்போமா என்று நம்மை நாமே வினவிக்கொள்ளல் வேண்டும். உரிமையின் விலை அதுவே.