வீட்டின் விலை: நியூ ஆர்லியன்ஸில் கட்டப்படாத வீடுகள் குறித்து

'இயற்கைப் பேரிடர்' என்ற சொற்சேர்க்கையில் முதலில் சந்தேகிக்க வேண்டியது அந்த 'இயற்கை'யைத்தான் என்று நினைக்கிறேன். 2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா சூறாவளி லூசியானா கரையைத் தாக்கியபோது நியூ ஆர்லியன்ஸ் நகரின் எண்பது சதவீதம் நீரில் மூழ்கியது. காற்று மட்டும் அதைச் செய்துவிடவில்லை. அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை கட்டிய கால்வாய்த் தடுப்புச் சுவர்கள் உடைந்தன. ஆனாலும் புயல் எல்லோரையும் ஒன்றுபோல் அடித்தது, மறுகட்டுமானமும் எல்லோருக்கும் பொது என்கிற சொல்லாடல் உடனே கிளம்பிவிட்டது. இந்தப் 'பொது'வுக்குள் நடந்தது என்ன?

தொழிற்கால்வாய்க்குக் கிழக்கே கீழ் ஒன்பதாம் வார்டு இருக்கிறது. கறுப்பினத் தொழிலாளர்களின் பகுதி. ஏழைகள்தான், ஆனால் பாதிக்கு மேற்பட்டோர் சொந்த வீட்டுக்காரர்கள். 1965இல் பெட்சி சூறாவளியிலும் மூழ்கிய இடம். பணக்காரப் பகுதியைக் காப்பாற்றக் கரைக்கு வெடி வைத்துவிட்டார்கள் என்ற பேச்சு அப்போது பரவியது. அதற்கு ஆதாரம் கிடையாது. ஆனால் 1927 மிசிசிப்பி வெள்ளத்தில், நகரைக் காப்பாற்ற வேண்டி கார்நார்வனில் கரையை வெடிவைத்துத் தகர்த்துக் கீழேயிருந்த ஊர்களை மூழ்கடித்தது நிஜமாகவே நடந்தது. வாக்களித்த நஷ்டஈடும் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. வதந்தி என்று நாம் ஒதுக்குகிற பேச்சுக்குள்ளும் ஒரு வரலாறு உட்கார்ந்திருக்கிறது.

கத்ரீனாவுக்குப் பிறகு, ஒன்றிய அரசின் பணத்தில் லூசியானா மாநிலம் 'ரோடு ஹோம்' என்றொரு திட்டம் கொண்டுவந்தது. உச்சவரம்பு 1,50,000 டாலர். வீட்டின் புயலுக்கு முந்தைய சந்தை மதிப்பு, பழுதுபார்க்கும் செலவு, இரண்டில் எது குறைவோ அதை வைத்துக் கணக்கு. கேட்க நடுநிலையாகத்தான் தோன்றும். ஒரே அளவுள்ள இரண்டு வீடுகளை வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் பழுதுச் செலவு 1,20,000 டாலர். வெள்ளையர் பகுதியில் உள்ளதன் மதிப்பு 1,40,000. கறுப்பர் பகுதியில் உள்ளதன் மதிப்பு 60,000. முன்னவருக்கு முழுச் செலவும் கணக்கில் வரும், பின்னவருக்குப் பாதிதான். மரமும் ஆணியும் கொத்தனார் கூலியும் இரண்டு தெருவிலும் ஒரே விலைதானே? சந்தை மதிப்பு என்பதோ 1930கள் முதல் கறுப்பர் வாழும் இடங்களை ஆபத்தானவை என்று வகைப்படுத்திக் கடன் மறுத்துவந்த கொள்கைகளின் எச்சம். பழைய பாகுபாட்டைப் புதிய அரசுப் பணம் ஒருமுறை உறுதிசெய்து கொடுத்தது. இதற்கு எந்த அதிகாரியும் இனவெறியராக இருக்க வேண்டிய அவசியமில்லை, படிவமே போதும். 2008இல் வழக்குப் போட்டார்கள். 2011இல் 6 கோடியே 20 லட்சம் டாலர் சமரசம் வந்தது. அதற்குள் ஆறு வருஷம் போய்விட்டது.

இன்னொரு சுவர் பத்திரம். தாத்தா கட்டிய வீடு, எழுதிக்கொள்ளாமலே பேரன்வரை வந்திருக்கும். உரிமையை நிரூபி என்றது திட்டம். வாழ்ந்த காலம் சாட்சியாகாது, காகிதம்தான் சாட்சி. பட்டாவுக்காக அலைந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வேடிக்கை இன்னும் முடியவில்லை. வீட்டை உயர்த்திக் கட்ட 30,000 டாலர் வரை தனியாகக் கொடுத்தார்கள். பழுதுக்கே பணம் போதாதவர்கள் அதையும் பழுதுக்கே செலவழித்தார்கள். பிறகு மாநிலம் பணத்தைத் திருப்பிக் கேட்டு ஆயிரக்கணக்கான வீட்டுக்காரர்கள்மேல் வழக்குத் தொடுத்தது, 2023இல்தான் கைவிட்டது. 2000இல் சுமார் 14,000 பேர் வாழ்ந்த கீழ் ஒன்பதாம் வார்டில் 2010இல் மூவாயிரம் பேர்கூட இல்லை.

திரும்பி வராததை அந்த மக்களின் 'தேர்வு' என்று எழுதிய திட்டமிடல் அறிக்கைகளுக்குப் பஞ்சமில்லை. நிவாரண வேலைக்குப் போகிற தோழர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: எவ்வளவு தொகை ஒதுக்கினார்கள் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள், எந்த அளவுகோலால் பங்கிடுகிறார்கள் என்று கேளுங்கள். படிவம் அச்சாவதற்கு முன்பே கேளுங்கள். அச்சான பிறகு அது வழக்காகிறது, வழக்கு முடிவதற்குள் ஊர் கலைந்துவிடுகிறது.